என் வலது கையின் உண்மையான எண்

தம்பி, இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதை எழுதிவிட்டால் பிறகு இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை என்று தோன்றியது. அதனால் அந்த வரியை விட்டுவிட்டுத் தொடங்குகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. ஒரு மூச்சில் அரைப் பக்கத்துக்கு மேல் என் விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுக்கின்றன. கடிதம் எதற்கு, போனில் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டதும் நான் பொய் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ பூனாவிலிருந்து கூப்பிட்டு, வழக்கம்போல ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாய். கைப்பிடியின் வலுவை அளக்கிற உன் கருவியை நீ அங்கே அழுத்தினாய், நான் இங்கே நீ வாங்கி அனுப்பிய கருவியை அழுத்தினேன். "எத்தனப்பா?" என்றாய். "இருவத்தொண்ணு" என்றேன். நீ போனிலேயே கை தட்டினாய். ஆடி மாதம் நான் வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தபோது நீ வந்து எட்டு நாள் இருந்துவிட்டுக் கிளம்பும்போது ஒரு பந்தயம் வைத்தாய் அல்லவா? பொங்கலுக்குள் வலது கையின் பிடி இருபது கிலோவைத் தொட்டுவிட்டால் நான் இங்கேயே தனியாக இருந்துகொள்ளலாம்; தொடவில்லை என்றால் பொங்கலுக்கு நீ வந்து என்னைப் பூனாவுக்குக் கூட்டிப் போய்விடுவாய் என்று. இருபத்தொன்று என்றதும் அந்தப் பந்தயம் முடிந்துவிட்டது. "ஜெயிச்சிட்டியப்பா. அப்ப நான் பொங்கலுக்கு வரல, ஆபீஸ்ல வேல தலைக்கு மேல கெடக்கு. டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரட்டா?" என்று கேட்டாய். "பண்ணிருலே" என்று நானும் பெரிய மனிதன் மாதிரி சொல்லிவிட்டேன். தம்பி, அந்த இருபத்தொன்று இடது கையின் எண். உன்னோடு அழுத்திய எந்த ஞாயிற்றுக்கிழமையும் என் வலது கை பன்னிரண்டுக்கு மேல் போகவே இல்லை.

நான் முதலிலிருந்தே உன்னை ஏமாற்றவில்லை. முதல் வாரம் ஏழு, அடுத்து ஒன்பது, பிறகு பத்து, பன்னிரண்டு, எல்லாம் வலது கையின் சத்தியமான எண்கள். அப்போதே ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். வார நாட்களில் நான் மட்டும் உட்கார்ந்து அழுத்தினால் ஒன்பதுதான் வரும். ஞாயிற்றுக்கிழமை நீ அங்கிருந்து எண்ணத் தொடங்கினால் அதே கை பன்னிரண்டைக் காட்டும். பாசம் செய்கிற வேலை என்று நினைத்து எனக்குள் ஒரு பூரிப்பு. ஆனால் நீ போனை வைத்த பிறகு பார்க்க வேண்டும். சாயங்காலம் வரை அந்தக் கையால் ஒரு டம்ளர் காப்பியைத் தூக்க முடியாது. வார நாட்களில் ஒன்பது அழுத்தினால் ஒன்பதோடு போகும், கையும் அன்றைய வேலைக்கு மிச்சம் இருக்கும். உன்னோடு போட்டி போட்டால் மூன்று கிலோ கூடுதலாகக் கிடைக்கும், அந்த நாள் முழுவதும் கை போய்விடும்.

பன்னிரண்டிலேயே மூன்று வாரம் நின்றது. உன் குரலில் சலிப்பு தட்டுவது மாதிரி எனக்குப் பட்டது. அடுத்த ஞாயிறு கருவியை இடது கைக்கு மாற்றினேன். இடது கை எடுத்த எடுப்பில் இருபத்தாறு காட்டியது. ஐயோ, ஒரே வாரத்தில் இவ்வளவு என்றால் பையன் சந்தேகப்படுவானே என்று அதை அடக்கி அடக்கி, வாரத்துக்கு ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று ஏற்றிச் சொன்னேன். படம் தெரிகிற மாதிரி கூப்பிடட்டுமா என்று நீ கேட்டபோதெல்லாம் சிக்னல் இல்லை என்றேன். சிரிக்காதே. விளாத்திகுளத்துப் பக்கம் அறுபத்தெட்டு வயதில் ஒரு சம்சாரி தன் இடது கையைப் பழக்கப்பட்ட குதிரை மாதிரி இழுத்துப் பிடித்து அளவாக ஓட்டினான் என்றால் அது நானாகத்தான் இருக்கும்.

கோவில்பட்டியில் எனக்குக் கைப் பயிற்சி கொடுக்கிற பெண்ணை உனக்குத் தெரியும், நீதான் சேர்த்துவிட்டாய். கழுகுமலைக்காரப் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்த, ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் அங்கே வருவார், அவருக்கும் கை முறிவுதான். அவரை அண்ணாச்சி என்றும் என்னைத் தாத்தா என்றும் அந்தப் பெண் கூப்பிடும். தலையில் மை பூசுகிற ஆளுக்கு அந்த மரியாதை. எனக்கு அந்த ஆத்திரம் ஒன்றே போதும். ஒரு நாள் எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, "ரெண்டு பேரும் பத்து தடவ அழுத்துங்க, யாரு ஜெயிக்கான்னு பாப்போம்" என்றது. உற்சாகப்படுத்துவதற்காகத்தான் சொன்னது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "என்னவே, காட்டுல மண்வெட்டி பிடிச்ச கையா, இல்ல சும்மா கைய வீசிட்டுத் திரிஞ்ச கையா?" என்று ஒரு போடு போட்டார். விட்டேனா. முதல் அழுத்திலேயே பதினான்கு, அதுவரை என் வலது கை காணாத உயரம். கண்டக்டர் பதினைந்து. அடுத்தடுத்து இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினோம். வலிக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே குரலில் இல்லை என்றோம்.

பத்தாவது அழுத்தில் எனக்கு ஐந்து. கண்டக்டருக்கு நான்கு. அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. "தனியாச் செய்யுத அன்னைக்கு நீங்க ஒம்பதுல ஆரம்பிச்சாலும் பத்தாவது அழுத்துல ஏழு வரும் தாத்தா. போட்டின்னதும் மொத அழுத்து என்னமோ நல்லாத்தான் வருது, கடைசியில இப்படி அடியோட எறங்கிருது. நடுவுல வலிச்சாலும் சொல்ல மாட்டேங்குதீங்க" என்றது. எங்கள் கருவிகளை வாங்கி வைத்துவிட்டு, இனி ஒருவர் வருகிற நேரத்தில் மற்றவர் வர வேண்டாம் என்று நேரத்தையும் மாற்றிவிட்டது. "கை தளந்தா தளந்துட்டுன்னு சொல்லணும். அதச் சொல்லதுக்கு வெக்கப்படுத ஆளுக்குத்தான் குணமாவ நாளாவுது." அது சின்னப் பெண், என் பேத்தி வயது. எனக்குச் சுருக்கென்றது.

அன்றைக்கு வீடு வந்து சேர்ந்ததை உனக்குச் சொல்லவில்லை. நம் வாசல் கதவு மழைக்கு ஊதி இறுகிப் போயிருந்தது. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாவியைத் திருப்பினால்தான் பூட்டு திறக்கும். வலது கைக்கு அந்தக் கதவை இழுக்கவும் தெம்பு இல்லை, சாவியைத் திருப்பவும் தெம்பு இல்லை. நாலைந்து தரம் முயன்றேன், விரல் வழுக்கிக்கொண்டே இருந்தது. உச்சி வெயிலில் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். மேலத் தெரு பேச்சியம்மாள் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனவள், "என்ன அண்ணாச்சி, வெயில்ல ஒக்காந்திருக்கிய?" என்று கேட்டாள். "காத்தாட இருக்கேன் தாயி" என்றேன். அவள் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நொடியில் திறந்து கொடுத்திருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் கைக்குத் தெம்பு வந்து நானே திறந்து உள்ளே போனேன். உள்ளே போய் யாரிடம் சொல்ல, உன் அம்மா இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் திட்டியிருப்பாள். அந்தத் திட்டுக்கூட இல்லாத வீட்டுக்குள் போய் நான் அன்றைக்கு அழுதேன் தம்பி.

கை உடைந்த புதிதில் உன் பெரியப்பா மகன் முருகேசன் என்னைப் பார்க்க வந்தான். புதியம்புத்தூரில் தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறான், நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடிக்கிற வேலை. எனக்குச் சோறு வடித்துக் கொடுத்துவிட்டு, என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "சித்தப்பா, அந்தப் பருத்திமார் பிடுங்குன நாளு ஞாவகம் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். நான் மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உனக்கும் மறந்திருக்காது. நீ பதினோராம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. பருத்தி எடுத்து முடிந்து செடியெல்லாம் காய்ந்து மாராக நின்றது. ஒரு கோடை மழை விழுந்து மண் இளகிய பிறகு மார் பிடுங்குவதுதான் நம் பக்கத்து வழக்கம். காய்ந்த கரிசல், செடியின் வேரைப் பல்லால் கடித்த மாதிரி பிடித்துக்கொள்ளும், விடாது. ஆனால் அண்ணன் நிலத்தில் முருகேசன் அன்று காலையில் மார் பிடுங்க இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். பாகம் பிரிந்த நாளிலிருந்து அண்ணன் விதைத்தால் நான் விதைக்க வேண்டும், அண்ணன் களை வெட்டினால் நான் வெட்ட வேண்டும், அப்படி ஒரு பைத்தியம் எனக்கு. உடனே உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். மறுநாள் உனக்குக் கோவில்பட்டியில் ஹாக்கித் தேர்வு, தேறினால் விளையாட்டு விடுதியில் இடம். அதை உன் அம்மா வாசலில் நின்று சொன்னாள். "நாளைக்கு மட்ட பிடிக்கப்போற பிள்ளைய இன்னைக்கு மார் பிடுங்கக் கூட்டிட்டுப் போறியளே" என்றாள். "பிடுங்கட்டும், கை ஒரமாகும்" என்றேன் நான்.

இரண்டு நிலத்துக்கும் நடுவே இருந்த பொழி வரப்பில் சீமைக்கருவேல் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அவன். உங்களுக்குள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அண்ணன் அன்று சந்தைக்குப் போயிருந்ததால் பொழியில் நடந்தபடி இரண்டு பேரையும் பார்க்க முடிந்த ஒரே ஆள் நான்தான். யார் நிரையை முதலில் முடிக்கிறீர்கள் பார்ப்போம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவைத்தேன். அடடா, அதுவரை ஆமை மாதிரி நகர்ந்த பையன்கள் இரண்டு பேரும் எப்படிப் பிடுங்கினீர்கள்! பாதி நிரை தாண்டியதும் நீ நிமிர்ந்து நின்று, "அப்பா, வெரலு மடங்க மாட்டேங்குது. கொஞ்சம் நிக்கட்டா?" என்று கேட்டாய். "அவன் நிக்கலியேலே" என்றேன். நீ மறுபடி குனிந்துவிட்டாய்.

நான் பொழி தாண்டி அந்தப் பக்கம் போனேன். முருகேசன் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தான். அவனிடமும் அதையேதான் சொன்னேன். "அவன் நிக்கல, நீ ஒக்காந்திருக்க?" அவனும் எழுந்துவிட்டான். மத்தியானம் வரை இரண்டு பேரையும் அந்த ஒரு பொய்யை வைத்தே ஓட்டினேன். நீ நாலு செடி முந்தி முடித்தாய். நான் டீக்கடையில் போய் என் மகன் ஜெயித்துவிட்டான் என்று சொல்லித் திரிந்தேன். சாயங்காலம் உன் அம்மா என்னிடம் வந்து, "பிள்ள கையப் பாத்தியளா?" என்று மட்டும் கேட்டாள். நான் பார்க்கவில்லை. அவள்தான் உனக்குச் சோற்றை உருட்டி வாயில் கொடுத்தாள். மறுநாள் மைதானத்தில் உன் கையிலிருந்து மட்டை இரண்டு தரம் நழுவி விழுந்தது என்று கூட வந்த பையன்கள் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த உன்னிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெளையாட்டு என்ன சோறா போடப்போவுது, படிக்க வழியப் பாரு" என்றேன். நீ மட்டையைப் பரணில் போட்டாய், பிறகு அதைத் தொடவே இல்லை.

முருகேசன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் நின்னுருப்பேன் சித்தப்பா. அவன் நிக்கலன்னு நீங்க சொன்னதுனாலதான் பிடுங்குனேன். பெறகு ஒரு நாளு அவன்ட்ட கேட்டேன், அவனுக்கும் அதே சொல்லத்தான் சொல்லியிருக்கிய" என்றான். அப்படியென்றால் உனக்குத் தெரியும். இத்தனை வருஷமாகத் தெரிந்தும் நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதிக் கடிதம்தான். உன் அம்மா போன மூன்றாவது மாதம் நீ ஒரு நாள் மத்தியானத்தில் கூப்பிட்டாய். நீ அந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை. "அப்பா, முடியலப்பா. ரெண்டு மாசம் லீவு போட்டுட்டு அங்கன வந்து ஒங்ககூட இருக்கட்டுமா?" என்றாய். அன்றைக்கு இந்த வீட்டில் நானும் அவள் போட்டோவும் மட்டும்தான் இருந்தோம். நீ வந்தால் போதும் என்று என் உயிர் துடித்தது. ஆனால் வாய் என்ன சொன்னது? "நீ லீவு போட்டா ஒன் எடத்துல வேற எவனாவது வந்து ஒக்காந்துருவாம்லே. பல்லக் கடிச்சிட்டு இரு." நீ "சரிப்பா" என்றாய். அதற்குப் பிறகு நீ முடியவில்லை என்று என்னிடம் சொன்னதே கிடையாது. இரவு பத்து மணிக்கு முன்னால் நீ வீடு வருவதில்லை என்று மருமகள்தான் ஒரு முறை வாய்தவறிச் சொன்னாள். அப்போதும் நான், நல்லதுதானே, உழைக்கட்டும் என்றேன். பொழியில் நடந்து பழகிய காலாச்சே, எளிதில் கீழே இறங்குமா.

இப்போது கையில் கட்டு அவிழ்ந்து, பன்னிரண்டு கிலோவோடு உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் புரிகிற ஒன்றைச் சொல்கிறேன், கேட்டால் கேள். எதிரே ஓர் ஆள் இருந்தால் கை கூடுதலாக அழுத்தத்தான் செய்யும், அது பொய்யில்லை. ஆனால் சோர்வு எங்கேயும் போவதில்லை. நமக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டே இருந்து, போட்டி முடிந்து எல்லோரும் போன பிறகு, நாம் மட்டும் தனியாக ஒரு கதவைத் திறக்க நிற்கும்போது மொத்தமாக வந்து இறங்கும். உன் ஆபீசில் அவன் நிற்கவில்லை, இவன் நிற்கவில்லை என்று எவனாவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் ஒரு நடை போய்ப் பார். அங்கே இருப்பவனும் உள்ளங்கையை ஊதிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பான். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல். என்னிடம் சொல்லு தம்பி, இந்த முறை நான் ஒழுங்காகக் கேட்டுக்கொள்வேன்.

எதற்காக இடது கைக்கு மாற்றினேன் என்று பல நாள் யோசித்தேன். ஊரை விட்டு வர மனமில்லாமல்தான் என்று முதலில் என்னை நானே தேற்றிக்கொண்டேன். அதுவும் உண்மை இல்லை. இந்த வீட்டில் எனக்கு அப்படி ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. குக்கர் மூடியைத் திருகித் திறக்க முடியாமல் மூன்று மாதமாகக் கடை இட்லிதான் தின்கிறேன். வேட்டியை இறுக்கிக் கட்ட முடியாமல் உன் பழைய பெல்ட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். நீ ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினால் ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றுகிறது, எதற்காகப் போட்டி என்பது மறந்துபோகிறது. நீ டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டுப் போனை வைத்த பிறகுதான் உறைத்தது, நான் தோற்றிருந்தால் பொங்கலுக்கு நீ வந்திருப்பாய். ஜெயித்து, நீ வராமல் செய்துவிட்டேன். இப்படி ஒரு கிறுக்கன் நம் வம்சத்தில் என்னைத் தவிர வேறு எவனும் இருந்திருக்க மாட்டான்.

பந்தயத்தில் நான் தோற்றுவிட்டேன். என் வாயால் இதை யாரிடமும் சொன்னதில்லை, அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். நீ என்னைப் பூனாவுக்குக் கூட்டிப் போனாலும் சரி, நாலு நாள் இங்கே இருந்துவிட்டு ஒழுங்காகச் சாப்பிடச் சொல்லிவிட்டுப் போனாலும் சரி, அதை வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். எனக்கு நீ வர வேண்டும். ஆபீஸ் வேலை இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும், எனக்கு நீ வர வேண்டும்.

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவாய், எடுப்பேன். உன் குரலைக் கேட்டதும் மறுபடியும் எனக்குப் புத்தி மாறிவிடும், இருபத்திரண்டு என்பேன், கடிதமெல்லாம் சும்மா எழுதினேன் என்பேன், நீ வேலையைப் பார் என்பேன். நான் என்ன எண் சொன்னாலும் நம்பாதே தம்பி. வந்து என் கையைப் பிடித்துப் பார்.